விரதத்தின் இரண்டாம் நாள்

டிஷ்யூத் தாளில் நான் வரைந்த கல்லீரலைச் சித்தப்பா கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "கறி பஃப் மாதிரி இருக்கும்மா" என்றார்.

அப்படித்தான் இருந்தது. அப்போது நான் சிங்கப்பூரில், பல்கலைக்கழகத்தில் உயிரியல் இரண்டாம் ஆண்டு. காலையில் படித்ததை மாலைக்குள் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அப்பாவிடம் ரத்தக்கொதிப்பைப் பற்றிச் சொன்னேன். புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் லிஃப்டில் ஏறும் மலாய்க்கார மாமிக்குக்கூட, பதினோராம் மாடி வருவதற்குள் தூக்கத்தைப் பற்றி ஒரு வகுப்பு எடுத்திருக்கிறேன். அந்த செமஸ்டரில் பாடம் கல்லீரல். சித்தப்பா மாட்டிக்கொண்டார்.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. செம்பவாங்கில் ஒரு ஷிப்யார்டின் சாமான் ஸ்டோருக்குப் பொறுப்பாளர்; அவர் கையெழுத்துப் போட்டால்தான் அங்கே ஒரு போல்ட்டாவது வெளியே போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவுக்கு வந்து, சித்தி எழுதிக் கொடுத்த காய்கறிகளை வாங்கிவிட்டு, ஒரு கோப்பிக் கடையில் நண்பரோடு உட்காருவார். நண்பருக்குக் கிராஞ்சியில் செடி வளர்க்கும் தோட்டத்தில் வேலை. மேசையில் ஐஸ் போட்ட பீர் இருக்கும், காலுக்கடியில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் பை இருக்கும். நானும் ரயிலேறிப் போய், கோப்பி ஒன்று வாங்கிக்கொண்டு, அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிடுவேன்.

"கல்லீரல் வலிக்காது சித்தப்பா. அதுதான் ஆபத்து. உள்ளுக்குள்ள கொழுப்பு சேரும், அப்புறம் தழும்பு விழும், அப்புறம் கல்லு மாதிரி இறுகிடும். அதுவரைக்கும் அது வாயே திறக்காது."

"உன் சித்தி மாதிரி இல்ல போல."

நண்பர் சிரித்தார். "எங்கம்மா என்னைப் பெத்த கையோட ஸ்டவுட் பீர்ல முட்டை அடிச்சுக் குடிச்சவங்க. அந்தப் பாலைக் குடிச்சுத்தான் நான் வளர்ந்தேன். நல்லாத்தானே இருக்கேன்?"

"அதான் இப்படி இருக்க" என்றார் சித்தப்பா.

நான் விடவில்லை. குடித்தால் தூக்கம் வரும் என்பார்கள், ஆனால் அது ஆழமான தூக்கம் இல்லை என்றேன். வயிற்றின் உள்தோல் புண்ணாவதையும், இதயத்தின் தசை தளர்வதையும், தொண்டையில் தொடங்கிக் குடல்வரை எங்கெல்லாம் புற்றுநோய் வரலாம் என்பதையும் சொன்னேன். உறுப்புக்கு ஒரு தாளாக மேசையில் ஐந்து டிஷ்யூ ஆனது. சித்தப்பா அவற்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் அப்படிச் செய்தார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு வேறு மாதிரித் தோன்றியது.

அந்த வருடம் சித்திக்கு வயிற்றில் ஒரு கட்டி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாகச் சித்தப்பா வேண்டிக்கொண்டிருந்தார். ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் இருக்க, டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே மேசையில் பீர் கிளாசைக் காட்டி அவர் சொன்னார்: "நாளையிலேருந்து விரதம். கறி, மீன், இது, எல்லாம் கட்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பத்தெட்டு நாள்! முருகனும் என் டிஷ்யூத் தாளும் கூட்டுச் சேர்ந்துவிட்டதாக நினைத்தேன்.

சித்தப்பா மட்டும் கொஞ்சம் தயங்கினார். "ஒரு வாரத்துக்கு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா குறைச்சிருக்கணும். இப்ப ஒரேடியா நிறுத்தினா..."

"கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறேன்னு சொன்னவங்க யாரும் நிறுத்தினதா சரித்திரமே இல்ல சித்தப்பா. ஒரேடியாத்தான்."

"ஒரேடியாவா?"

"ஒரேடியாதான் லா."

அவர் கிளாசில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்து, கவிழ்த்து வைத்தார். நான் கைதட்டினேன். நண்பரும் கைதட்டினார்.

செவ்வாய்க்கிழமை காலை, விடுமுறைதானே என்று, சாமிக்குப் பூ வாங்கிக்கொண்டு செம்பவாங்குக்குப் போனேன். சித்தப்பா விரதத்துக்காக லீவு போட்டிருந்தார். கதவு திறந்தே கிடந்தது. சாமி மேடைக்கு முன்னால் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. சாதாரண நடுக்கம் இல்லை, தோளிலிருந்து ஆடியது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் வியர்வை முதுகில் வழிந்தது.

சித்தி கையில் விபூதித் தட்டோடு நின்றார். முகமெல்லாம் ஒரு வெளிச்சம். "காலையிலேருந்து இப்படித்தான்ம்மா. அருள் வருது."

பக்கத்து வீட்டு அக்காவும் வந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா மேடையைப் பார்க்கவில்லை. டிவிக்குப் பக்கத்திலிருந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க வந்திருக்கா? சொல்லுங்க" என்று சித்தி மெல்லக் கேட்டார்.

"வரிசையா நிக்கிறாங்க. கையெழுத்துக் கேக்கறாங்க. பேனா பிடிக்க முடியல."

சித்திக்கு அது புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. ஆனால் புரிந்ததுபோல் இருந்தது. படித்தவள் அல்லவா. சித்தியைத் தனியாக இழுத்து, "அருளும் இல்ல ஒண்ணும் இல்ல சித்தி. உடம்புல இருக்கிற விஷம் வெளியேறுது. வேர்க்குது பாருங்க. நல்லதுதான். இளநீர் குடுங்க, எல்லாம் சுத்தமாயிடும்" என்றேன். சித்திக்குத் தெய்வம், எனக்கு உடற்சுத்தி. எங்கள் இரண்டு பேரில் ஒருவராவது பயந்திருந்தால் அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

இளநீர் கிளாசை அவர் உதட்டருகே கொண்டுபோனபோது பற்கள் கிளாசில் இடித்தன. அடுத்து அவருடைய தலை பின்னால் சாய்ந்தது. உடம்பு மரக்கட்டையாக விறைத்தது. பிறகு மொத்த உடம்பும் உதறத் தொடங்கியது. வாயோரம் நுரை. விபூதித் தட்டு உருண்டு சோஃபாவுக்கடியில் போனது. பக்கத்து வீட்டு அக்கா கும்பிட்ட கையை இறக்காமலே, "இது சாமி இல்ல, இது வலிப்பு" என்றார். அங்கே இருந்தவர்களில் அவர் ஒருவர்தான் சரியாகச் சொன்னார்.

ஒருக்களித்துப் படுக்கவைத்ததும், ஆம்புலன்சைக் கூப்பிட்டதும் நான்தான். ஆனால் அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வாயில்லை.

அவசரப் பிரிவில் ஒரு சீனப் பெண் மருத்துவர் வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்டார். ஞாயிறு மத்தியானம் என்றேன். அடுத்ததாக, காலையில் எழுந்ததும் குடிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டார்.

"இல்லை" என்றேன் நான், உடனே. "ஞாயிற்றுக்கிழமை பீர்தான்."

சித்தி என் தோளைத் தொட்டார். எனக்குப் பின்னால் நின்று, தரையைப் பார்த்தபடி சொன்னார்: "தினமும்தான்ம்மா. காலையில கை ஆடும் அவருக்கு. சட்டைப் பட்டன் போட வராது. ரெண்டு மூடி பிராந்தி உள்ள போனா நின்னுடும். அப்புறம்தான் வேலைக்குப் போவாரு. நாலஞ்சு வருஷமா."

அதை நான் ஆங்கிலத்தில் மருத்துவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதைவிடக் கடினமான மொழிபெயர்ப்பை நான் இதுவரை செய்ததில்லை.

பிறகு அந்த மருத்துவர் விளக்கினார். நான் அதை என் மொழியில் இப்படிப் புரிந்துகொண்டேன். ஓர் அறையின் கதவைத் தடிமனான மெத்தை வைத்து அடைத்துவிட்டால், உள்ளே இருப்பவன் வெளியே கேட்பதற்காகக் கத்திப் பேசப் பழகிவிடுவான். மது அந்த மெத்தை. மூளையை அமுக்கி வைக்கும். வருடக்கணக்கில் தினமும் அமுக்கினால், மூளையும் ஈடுகொடுத்து வருடக்கணக்கில் உரக்கப் பேசப் பழகிவிடும். மெத்தையை ஒரே நாளில் உருவி எடுத்தால் மிஞ்சுவது வெறும் கத்தல்தான். கை ஆடும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், இல்லாத ஆட்கள் வரிசையில் நிற்பார்கள், வலிப்பு வரும். கவனிக்காமல் விட்டால் உயிரும் போகலாம். குடிப்பதால் சாகலாம் என்று ஐந்து டிஷ்யூவில் வரைந்தவளுக்கு, இப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்தினாலும் சாகலாம் என்பது தெரியாது. பாடப்புத்தகத்தில் இருந்தது. அடுத்த அத்தியாயத்தில். நான் அங்கே இன்னும் போகவில்லை.

அது தெரியாமல் போனதுகூடப் பெரிதில்லை. அந்த மருத்துவர் முதல் நிமிடத்தில் கேட்ட கேள்வியை, இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. "ஒரேடியாவா?" என்று அவர் கேட்டது, பதில் சொல்ல ஆரம்பித்ததுதானோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

அடுத்த இரண்டு நாள் சித்தப்பா இந்த உலகத்தில் இல்லை. படுக்கையில் ஸ்டோர் நடத்திக்கொண்டிருந்தார். காற்றில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்தார். நரம்பில் மருந்து ஏறியது. குடியால் உடம்பில் குறைந்துபோகும் ஒரு வைட்டமினையும் ஊசியில் கொடுத்தார்கள். பிழைப்பாரா என்று சித்தி என்னைக் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் முதல் முறையாக, என்னிடம் சொல்வதற்கும் ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. முதலில் கேட்டது இதுதான்: "விரதம் முறிஞ்சிடுச்சா?"

"சித்தப்பா, நான்தான் உங்களை..."

"அதைக் கேக்கலம்மா. மாத்திரை மருந்தெல்லாம் ஏறியிருக்கே. இதெல்லாம் விரதத்துல சேர்த்தியா?"

சித்தி போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னார்: "மருந்து விரதத்தைக் கெடுக்காது. நீங்க எழுந்து நடங்க. எனக்காகத்தானே வேண்டிக்கிட்டீங்க? நான் இங்கதானே நிக்கிறேன்."

மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஆக, அவர் அன்று கோப்பிக் கடையில் தயங்கிச் சொன்னாரே, கொஞ்சம் கொஞ்சமாக என்று, அதுதான் நடந்தது. என்ன, மருத்துவரின் கண்முன்னே நடந்தது.

தைப்பூசத்துக்குக் காவடி வேண்டாம் என்று சித்தி சொல்லிவிட்டார். சித்தப்பா பால்குடம் எடுத்தார். சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு கோயில் வரைக்கும் நான் பக்கத்திலேயே நடந்தேன். முன்னால் ஒருவர் அருள் வந்து ஆடிக்கொண்டிருந்தார். நான் என்னையறியாமல் அவருடைய கையைப் பார்த்தேன், வியர்வையைப் பார்த்தேன். சித்தப்பா அதைக் கவனித்துவிட்டார். "அது நிஜம்மா. பயப்படாம நட" என்றார். அது நிஜமா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்ள அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தேன்.

இரண்டு ஞாயிறு கழித்து அதே மேசையில் உட்கார்ந்தோம். சித்தப்பாவுக்குப் பால் சேர்க்காத கோப்பி-ஓ. நண்பருக்கு வழக்கம்போல ஐஸ் போட்ட பீர். சித்தப்பாவின் தெளிந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து, நண்பர் ஒரு முடிவுக்கு வந்தார்.

"நானும் நாளையிலேருந்து விட்டுடறேன்" என்றார். "உன்னால முடியும்போது என்னால முடியாதா? ஒரேடியா."

பழைய நான் என்றால் கைதட்டியிருப்பேன். சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் கோப்பியைக் கலக்கிக்கொண்டே, ஏதோ பஸ் நம்பர் விசாரிப்பதுபோலக் கேட்டார்: "காலையில கை ஆடுமா உனக்கு?"

"அதெல்லாம் இல்லப்பா" என்று நண்பர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் கொண்டுபோனார். சித்தப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"அப்ப நாளைக்கு நிறுத்தாத. நாளைக்கு என்கூட கிளினிக்குக்கு வா. டாக்டர் சொல்ற மாதிரி நிறுத்தலாம்."

"நிறுத்தாதன்னு நீ சொல்றியா? நல்ல விரதக்காரன்யா நீ."

சித்தப்பா கோப்பியை ஒரு வாய் குடித்தார். பீரில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. நண்பர் தானாகக் கையை மேலே எடுக்கட்டும் என்று நாங்கள் காத்திருந்தோம்.