சுன்னாகச் சந்தியில் நிற்கும் கார்

இந்த நாட்டில் காரை நிறுத்தியதும் இஞ்சினையும் அணைத்துவிடுகிறார்கள். ஒருவருக்கும் கவலை இல்லை. நோர்வேக்கு வந்து இரண்டு மாரி கழிந்தும் என் நெஞ்சு அதற்குப் பழகவில்லை.

போன ஞாயிறு மகன் வீட்டில் ஒரு படம் போட்டார்கள். ஒரு மனிதன் தனியே கார் ஓட்டிப் போகிறான். துரத்துவார் இல்லை, செக்பொயின்ற் இல்லை. தன்னைத்தானே தேடிப் போகிறானாம் என்று மருமகள் விளங்கப்படுத்தினாள்.

"ஏன், அவன் துலைஞ்சு போனவனே?" என்று கேட்டேன்.

நடு வெளியில் அவன் காரை நிறுத்திச் சாவியைத் திருகினான். நான் திரையைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

"நிப்பாட்டாதை, மோனை!"

மகன் சிரித்தான். "அம்மா, அவன்ரை காரிலை பெற்றோல் நிறைய இருக்கு." படம் பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு இங்கிரிட் மட்டும் என் கையைப் பிடித்துத் தன் பாஷையில் ஏதோ சொன்னாள். நான் படத்தில் ஒன்றிப் போய்விட்டேன் என்று நினைத்தாளாம், மருமகள் சொன்னாள். நான் திருத்தவில்லை.

ஊரில் சண்டை நடந்து பெற்றோல் தடைப்பட்டிருந்த அந்த நாளில் எங்கள் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. நின்ற இஞ்சினைக் கிளப்ப மட்டும் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். அதை மருந்துப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள். ஆகவே போய்ச் சேரும்வரை ஒருவரும் அணைப்பதில்லை.

என் அவர் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் வேலை செய்தவர். சண்டையில் ஆலை பூட்டுப்பட்டது. நெஞ்சில் ஏறிய தூசி மட்டும் மிஞ்சியது. ஒரு நாள் மூச்சு முட்டி இழுத்தது. யாழ்ப்பாணப் பக்கம் ஷெல் விழுந்துகொண்டிருந்ததால், சண்டிலிப்பாயிலிருந்து பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு போனோம். சுன்னாகச் சந்தியில் அவர் கதவில் தட்டிச் சாரதியைக் கூப்பிட்டார்.

"நில்லும் தம்பி, ஒருக்கா இறங்கவேணும்."

"ஐயா, போத்தல் வெறும் போத்தல். இஞ்சின் நிண்டால் நாங்களும் நிண்டம்."

"இஞ்சின் ஓடட்டும். நான் நிக்கிறன்."

என் தோளில் சாய்ந்து, வடக்கே ஆலைக்குப் போகும் தெருவைப் பார்த்தார். அப்பால் ஆமி நின்றது. தெருவில் ஒரு சனமும் இல்லை.

"இஞ்சேரும், என்ரை சைக்கிள் தானாத் திரும்புற இடம்."

"சுகப்பட்டு வந்து திரும்பலாம். ஏறுங்கோ."

"ஓம், ஓம்" என்றார், பிள்ளைக்குச் சொல்வதுபோல.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்னம், வல்லை வெளியில் என் மடியிலேயே மூச்சு அடங்கியது. சாரதித் தம்பி காரை வந்த வழியே திருப்பினான். சந்திக்கு வந்ததும், நான் கேளாமலே, சற்று நிறுத்தினான். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

இங்கே மகன் காரை அணைத்தால் பனியில் ஒரு சத்தமும் இராது. அப்போதுதான் எனக்கு அந்த இஞ்சின் கேட்கும். மண்ணெண்ணெய்ப் புகையோடு, கதவு திறந்தபடி, அந்தக் கார் சந்தியிலேயே நிற்கிறது. ஏறவும் வழியில்லை, போ என்று சொல்லவும் மனமில்லை.