செருப்புக்கு ஒரு தொடக்கவிழா

பருத்தித்துறைக் கரையில் கருவாடு போடுகிற மகாதேவிக்கு வாய் நீளம், மனம் அதைவிடப் பெரிது. நீரிழிவு என்கிற சீனி வருத்தம் வந்து கால் மரத்துப்போன பிறகும் வெறுங்காலோடுதான் திரிந்தாள். சிப்பி வெட்டினாலும் இரத்தத்தைக் கண்டால்தான் தெரியும். புண் வந்தால் காலே போய்விடும் என்று கிளினிக்கில் டொக்டர் வெருட்டிவிட்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து வெளிநாட்டுக் காசில் ஒரு சுகாதாரத் திட்டம் கரைக்கு வந்தது. நடத்த வந்த ஜெயசுதன் நல்ல பிள்ளை. ஆனால் கூட்டம் வைக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. சனத்தோடு கைகோர்த்துத்தான் வேலை செய்யவேண்டும் என்று காசு கொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். கைகோர்க்க அகப்பட்டவள் மகாதேவி. வீடு வீடாக ஏறி இறங்கி, கால் மரத்த சனத்தையெல்லாம் அவள்தான் சேர்த்துக் கொடுத்தாள்.

எல்லோருக்கும் மெத்தை வைத்த செருப்பு வந்தது. பஞ்சில் நடக்கிறமாதிரி இருக்கிறது என்று மகாதேவி ஊரெல்லாம் சொன்னாள். உண்மையில் அவள் காலுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

செருப்புக் கொடுத்தாயிற்று, தொடக்கவிழா இல்லாமல் விடமுடியுமா? அம்மன் கோயில் மண்டபத்தில் வைத்தார்கள். வாடகை இல்லை, மின்விசிறியும் உண்டு. கோயில் வாசலில் செருப்பைக் கழற்று என்று யாரும் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. புதுச் செருப்பெல்லாம் வெளியே குவிந்து கிடந்தன.

மகாதேவியின் கையில் ஆலாத்தித் தட்டைக் கொடுத்து, விருந்தினரின் கார் வரும்வரை முன்வீதியில் நிற்கச் சொன்னான் ஜெயசுதன். ஆலாத்தி எடுக்கிறவள் செருப்புப் போடமுடியாது. சித்திரை மத்தியானம், மணல் கொதித்தது. கூட நின்ற பெண் காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு நிழலுக்கு ஓடிவிட்டாள். மகாதேவி அசையவில்லை.

"அக்காவின்ரை பொறுமையைப் பாருங்கோ!" என்று மெச்சினான் ஜெயசுதன்.

கார் பிந்தித்தான் வந்தது. லண்டனிலிருந்து வந்த கொடையாளர் விளக்கேற்றிவிட்டு, சீனி வருத்தக்காரர் வெறுங்காலோடு ஒரு அடியும் வைக்கக்கூடாது என்று உருக்கமாகப் பேசினார். அவரும் வெறுங்கால்தான். வெறுங்காலோடு இருந்த சனம் நன்றாகக் கைதட்டியது. பேச்சு முடிந்து மகாதேவி எழும்பி நடந்தபோது, சீமெந்துத் தரையில் அவளுடைய அடிகள் ஈரமாகப் பதிந்தன. உள்ளங்கால் கொப்பளித்து உடைந்திருந்தது.

புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் சின்னவிரலை எடுத்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பார்க்க வந்த ஜெயசுதன் கட்டிலடியில் நின்று அழுதேவிட்டான். அவள்தான் தேற்றினாள்.

"விடு தம்பி. அடுத்த கூட்டத்தை மீன் சந்தையிலை வை. அங்கை எல்லாரும் செருப்போடை நிக்கலாம்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான்.

"அங்கை மீன் வெடுக்கெல்லோ அக்கா. பெரியாக்கள் வருவினமோ?"

"நாங்கள் வருவம்," என்றாள் மகாதேவி.