பனியாற்றுக்கு அடியில் ஓடும் தண்ணீர்

அண்ணியை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது, எங்கள் ஊரான பேரிகையில், வீட்டு அடுப்படியில் இளகலாகக் கிளறி இறக்கிய கேழ்வரகுக் களியும், அதில் அவர் கரண்டிக் காம்பை நுழைத்து உருவிய ஓட்டையும்தான். அப்பா எதிரே குந்தியிருந்தார். ஓட்டையையே பார்த்துக்கொண்டிருங்கள் என்று அண்ணி அவரிடம் சொல்லியிருந்தார். ஆவி பறந்துகொண்டிருந்த களி, யாரும் தொடாமலே மெல்ல மெல்லச் சரிந்து அந்த ஓட்டையை மூடிக்கொண்டது. பனியும் இப்படித்தான் மாமா, பார்த்தால் பாறை மாதிரி இருக்கும், ஆனால் தன் கனத்தாலேயே அமுங்கி நகர்ந்துகொண்டிருக்கும் என்றார் அண்ணி. தன் மகன் செத்துப்போன இடம் எப்படிப்பட்டது என்று அவருக்குக் கொஞ்சமாவது புரிந்தது அன்றைக்குத்தான்.

என் அண்ணன் இமயமலையில் பனியாறுகளை ஆராயும் ஒரு குழுவில் பொறியாளராக இருந்தார். பள்ளத்தாக்கு முழுக்க உறைந்து கிடக்கும் பனி, வருடத்துக்குப் பல அடி தூரம் கீழே இறங்கிக்கொண்டே இருக்குமாம். அதைத்தான் பனியாறு என்பார்கள். வெயில் காலத்தில் மேலே உருகும் தண்ணீர் வெடிப்புகள் வழியாக அடியில் இறங்கி, பனிக்கும் பாறைக்கும் நடுவில் ஓடி, முகப்பில் ஓடையாக வெளியே வரும். அந்த ஓடையை அளப்பது அண்ணனின் வேலை. கோடைக்கு மலை, மற்ற மாதங்களில் பெங்களூர் அலுவலகம். ஓசூரை ஒட்டிய மத்திகிரியில், கால்நடைப் பண்ணைக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்திருந்தார். சேலத்திலிருந்து வாழ வந்த அண்ணி கணக்கில் எம்.எஸ்சி. படித்தவர். ஓசூர் சிப்காட்டில் சுவிட்சு செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்ததால் நானும் அவர்களோடுதான் இருந்தேன். கல்லாவியைச் சேர்ந்த ஒருவர், ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர், அண்ணனுக்குப் பழக்கமானார். கருவிகளைப் பழுது பார்க்க ஆள் வேண்டும் என்று அண்ணன் அவரை மலைக்கு அழைத்துப்போனார். வீட்டில் எல்லாரும் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவோம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடைத் தொடக்கத்தில் இருவரும் இறந்துபோனார்கள். அண்ணனின் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்த குழு நண்பர் ஒருவர், மத்திகிரி வீட்டில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கன்னடத்தில் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னார். கூடாரங்கள் முதலில் மேட்டில்தான் இருந்தன. பிறகு ஓடை திடீரென்று இளைத்தது. வெயில் நன்றாக அடித்தும் தண்ணீர் நாளுக்கு நாள் குறைந்தது. மேட்டுக்குத் தண்ணீர் சுமந்து எல்லாருக்கும் முதுகு விட்டுப்போயிருந்ததால், ஓடைதான் அடங்கிவிட்டதே, கீழே போய்விடலாம் என்று அண்ணன் முடிவு செய்தார். கூடாரங்கள் கரைக்கு வந்தன. அடுத்த சில நாட்களில் ஒரு முற்பகல், மற்றவர்கள் மேலே அளவெடுக்கப் போயிருந்த நேரம், பனிக்கு அடியிலிருந்து தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தது. கீழே இருந்தவர்கள் அண்ணனும் தம்பியும் மட்டும். உடல்கள் கிடைக்கவில்லை.

உடல் இல்லாமலே பேரிகையில் கருமாதி செய்தோம். அதற்குத் தம்பியின் அம்மாவும் வந்திருந்தார். கணவர் இல்லாதவர், கூலி வேலைக்குப் போய் ஒற்றை மகனைப் படிக்க வைத்தவர். கத்தவில்லை, திட்டவில்லை. கிளம்பும்போது அப்பாவின் முன்னால் நின்று, "தண்ணி வர்ற வழியில எதுக்குங்கய்யா கூடாரம் போட்டாங்க?" என்று மட்டும் கேட்டார். அப்பா அதற்குப் பிறகு ஏர் ஓட்டினார், சந்தைக்குத் தக்காளி ஏற்றினார், எல்லாம் செய்தார். ஆனால் பேச்சின் நடுவில் சட்டென்று நின்றுவிடுவார். அந்தக் கேள்வி அவருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரியும்.

அண்ணி சேலத்துக்குத் திரும்பவில்லை. பெங்களூரில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். காலையில் மத்திகிரியிலிருந்து டவுன் பஸ், ஓசூரில் இறங்கி அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூர் பஸ். பனிக்கு அடியில் தண்ணீர் எந்த வழியில் எப்படிப் போகிறது என்பதைக் கணக்காக எழுதி, கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் வேலை. அதற்கு மாடல் என்று பேர். பனியையே பார்க்காத ஊர்க்காரிக்கு இது எதற்கு என்று உறவில் கேட்டவர்கள் உண்டு. என்னிடம் ஒருமுறை சாப்பிடும்போது சொன்னார்: ஓடுகிற தண்ணீர் சூட்டைக் கிளப்பி, பனியைக் கரைத்துச் சுரங்கத்தைப் பெரிதாக்கப் பார்க்கிறது, பனி அமுங்கி அதை மூடப் பார்க்கிறது, இந்த இரண்டுக்கும் நடக்கும் இழுபறிதான் மொத்தக் கணக்கும். சாயங்காலங்களில் பண்ணையிலிருந்து மாட்டு வாடை வீசும். மடிப்பு மடிப்பாக வரும் கம்ப்யூட்டர் தாள்களைத் தரையில் விரித்து, கால் நீட்டி உட்கார்ந்து எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அண்ணன் போனதற்கு அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. கல்லாகிப்போனாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் சில நாள் அப்படித்தான் தோன்றியது.

வருடக்கணக்கில் அந்த மாடல் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் உள்ளே போனது, வெளியே வந்தது, அவ்வளவுதான். ஒருநாள் அண்ணி வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தார். என்ன அண்ணி என்றேன். "ஓடை வத்துதும்மா," என்றார். கணக்கில் முதல்முறையாக ஓடை வற்றியிருக்கிறது. பனி அமுங்கிச் சுரங்கத்தை நெரித்துவிட, தண்ணீர் பின்னால் தேங்கி, முகப்பில் ஓடை இளைத்து, பிறகு மொத்தமும் ஒரேயடியாக உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. அந்த நண்பர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்னது அப்படியே எண்களாக வந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பேரிகைக்குப் போய்க் களியில் ஓட்டை போட்டுக் காட்டியது. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியென்றால் ஓடை வற்றியது எச்சரிக்கைதானா என்றார். ஆமாம் என்றார் அண்ணி. அது அவனுக்குத் தெரிந்திருக்குமா என்றார் அப்பா. தெரியாது என்று சொல்லி அண்ணி அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அன்றைக்கு யாருக்குமே தெரியாது என்பது உண்மைதான், அது போதும் அவருக்கு. ஆனால் அண்ணி நிறுத்தவில்லை.

"தெரிஞ்சிருக்க வழியில்ல மாமா. ஆனா கூடாரத்தக் கீழ கொண்டாராம இருந்திருந்தா, ரெண்டு பேரும் இன்னிக்கு இருந்திருப்பாங்க."

அப்பா எழுந்து தோட்டத்துப் பக்கம் போனார். கிணற்று மேட்டில் அவர் நின்றதை நாங்கள் அடுப்படியிலிருந்தே பார்த்தோம். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். "இத அந்தம்மாகிட்ட நாமதான் போய்ச் சொல்லணும்," என்றார்.

கிருஷ்ணகிரி போய், ஊத்தங்கரை போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துக் கல்லாவியில் இறங்கினோம். வழியெல்லாம் அப்பா துண்டைக் கையில் பிடித்தபடியே வந்தார். தம்பியின் அம்மா எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அப்பா தானே பேசினார். என் மகன் எடுத்த முடிவால்தான் உங்கள் மகன் போனான், தெரிந்து செய்யவில்லை, ஆனாலும் அதனால்தான் போனான் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் உடைந்துவிட்டது. அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். பிறகு அண்ணியிடம் திரும்பினார்.

"இப்பவும் அங்க ஆளுங்க போறாங்களா?"

போகிறார்கள் என்றார் அண்ணி.

"அவங்களுக்கு இதச் சொல்லியாச்சா?"

ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதி அனுப்பியிருந்தார் அண்ணி. மலையில் கூடாரம் அடிப்பவர்கள் படிப்பது அல்ல அது. "இனிமேதாம்மா சொல்லணும்," என்றார்.

அடுத்த கோடையில் அண்ணி மலைக்குப் போனார். அண்ணன் இறந்த ஓடையைப் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதன்பின் ஒவ்வொரு வருடமும் போகிற குழுக்களைத் தேடிப்போய்ப் பேசினார். ஓடை காரணமில்லாமல் இளைத்தால் மேட்டுக்கு ஏறிவிடுங்கள் என்பதுதான் அத்தனை வருட வேலையும் சேர்ந்து சொன்ன ஒரே வாக்கியம். தொண்ணூறுகளில் ஒரு வருடம் அப்படியே நடந்தது. ஓடை இளைக்க, ஒரு குழு அண்ணி பேச்சைக் கேட்டு எல்லாவற்றையும் சுமந்து மேலே ஏறியது. காத்திருந்தது. வெள்ளம் வரவில்லை. ஓடை தானாகவே மெல்லப் பழைய நிலைக்கு வந்தது. அந்த வருட அளவுகள் பாதி வீணாயின. குழுத் தலைவர் நிறுவனத்துக்கு போன் செய்து சத்தம் போட்டார். உன் மாடல் பயமுறுத்தத்தான் லாயக்கு என்று கூட வேலை பார்க்கிறவர்களே சிரித்தார்களாம். எப்போது உடைக்கும், எப்போது உடைக்காது என்று சொல்ல அந்தக் கணக்குக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அண்ணி சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு, கல்லாவி வரைக்கும் வர்றியா என்று என்னிடம் கேட்டார். அப்பா அப்போது படுக்கையில் இருந்தார், நாங்கள் இருவர் மட்டும் போனோம். தம்பியின் அம்மா வாசலில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார், இன்னும் மெலிந்திருந்தார். அண்ணி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நான் சொன்னேன்னு எல்லாரும் மேல ஏறினாங்க, ஆனா வெள்ளம் வரலீங்கம்மா என்றார், ஏதோ தோற்றுப்போய் வந்த மாதிரி.

"எல்லாரும் ஊடு வந்து சேந்துட்டாங்களா?"

"சேந்துட்டாங்க."

"அப்புறம் என்னம்மா," என்றார் அவர்.

அண்ணிக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும்படி, இத்தனை வருடமும் நெரித்து வைத்திருந்த அழுகை மொத்தமும் வந்தது. அந்த அம்மா முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு, கடலைத் தூசி படிந்த கையாலேயே அண்ணியின் தலையை இழுத்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். தன் மகன் பெயரைச் சொல்லி, அண்ணன் பெயரையும் சொல்லி, அவரும் அழுதார்.