ஹேசல் எழுதிய பதில்

நான் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். மெஷின் கோணல்மாணலாக ஏதாவது காட்டினால் எந்த வரியில் தப்பு என்று தேடு, சாமியைக் கூப்பிடாதே என்று சொல்லிக் கொடுக்கப்பட்டவள். நாட்டரசன்கோட்டையில் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டில் கொலுசுச் சத்தம் கேட்கிறது என்று காலேஜில் பிள்ளைகள் கதை விட்டபோது, எலியாக இருக்கும் என்று சொல்லி எல்லோருடைய சுவாரசியத்தையும் கெடுத்தவளும் நான்தான். ஆகையால் இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னிடம் எலி என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டேன். நானும் அப்படிச் சொல்லிப் பார்த்தவள்தான். இது ராத்திரி நடந்ததும் இல்லை. பகல் மூன்று மணிக்கு, எங்கள் காரைக்குடி செக்காலையில், வெளியே ஆட்டோக்காரர்கள் சவாரிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது நடந்தது.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம். என் அண்ணன் செல்வினுக்கு இருபத்து நான்கு வயது, இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்துக்கு இரண்டு தடவை மதுரைக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ் செய்து கூட்டி வருவோம், மற்ற நாளெல்லாம் படுக்கை. சின்ன வயதிலிருந்தே அவன் படக்கதைப் பைத்தியம். அந்தப் பைத்தியம் எனக்கும் தொற்றியிருந்தது. அந்த வருஷம்தான் ராமு அண்ணன் என்பவர் செக்காலையில் மூன்று கம்ப்யூட்டர் வைத்து பிரவுசிங் சென்டர் திறந்தார். அமெரிக்கப் பத்திரிகைகளில் தினமும் வரும் மூன்று கட்டப் படத்தொடர்களை இன்டர்நெட்டில் சும்மாவே பார்க்கலாம் என்று நான் கண்டுபிடித்த அன்றைக்கு ஓட்டமாக வீட்டுக்கு ஓடியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நாங்கள் பிடித்துக்கொண்ட தொடரில் ஒரு தபால்காரர், அவரைத் தினமும் துரத்தும் ஒரு வாத்து, அவ்வளவுதான். படம் திரையில் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கும், முதலில் தொப்பி தெரியும், வாத்து வந்து சேர ஐந்து நிமிஷம் ஆகும். ராமு அண்ணன் அதை ஓரத்தில் ஓட்டை போட்ட தாளில் கரகரவென்று அடித்துக் கொடுப்பார். படத்துக்குக் கீழே வாசகர்கள் பேசிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அதில் இருப்பதை நான் ஒரு நோட்டில் கையால் எழுதிக்கொண்டு வருவேன், படத்தை அந்த நோட்டிலேயே ஒட்டுவோம்.

"ஏ ஸ்டெல்லா, இன்னிக்கி வாத்து என்ன செஞ்சுச்சு?"

"தொப்பியத் தூக்கிட்டு ஓடிருச்சு."

"அது எனக்கு நேத்தே தெரியும். தொப்பி லேசாச் சரிஞ்சு இருந்துச்சுல்ல."

அப்படி ஒரு கண் அவனுக்கு. தபால்காரரின் பையில் இடது பக்கம் எப்போதும் ஒரு கடிதம் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதை அவர் யாருக்கும் கொடுப்பதே இல்லை என்று அவன்தான் பார்த்தான். அது யாருக்கு வந்த கடிதம் என்று வாசகர்களிடம் கேட்கச் சொன்னான். 'செல்வின், காரைக்குடி, இந்தியா' என்று பெயர் போட்டு நான் தட்டிவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் தினமும் கேட்டான். "யாராச்சும் பதில் போட்டாகளா?"

"இல்லண்ணே."

"வேல இருக்கும் அவுகளுக்கு."

அப்புறம் கேட்பதை நிறுத்தினான். அதோடு சாப்பாடு குறைந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, மதுரைக்கு வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு, வரவில்லை என்று சொல்லிவிட்டான். அம்மா காலைப் பிடித்துக் கெஞ்சினாள், அப்பா அறைக்கு வெளியே நின்றுகொண்டு சுவரைப் பார்த்தார். இரண்டு தடவை தொடர்ந்து போகாமல் விட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் எங்களிடம் சொல்லியிருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் ஒரு காரியம் செய்தேன். சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, நோட்டில் நானே ஒரு பதில் எழுதினேன். ஹேசல் என்று ஒரு அம்மா, அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். 'அந்தக் கடிதத்தை நானும் பார்த்திருக்கிறேன் செல்வின், வேறு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்' என்று எழுதி வைத்தேன்.

அண்ணன் அதை நாலு தடவை படித்தான். "பஸ் ஓட்டுற அம்மாவா? நம்ம நாச்சியாபுரம் குண்டுங்குழி ரோட்டுல ஓட்டச் சொல்லு பாப்போம்" என்று சொல்லிச் சிரித்தான். மறுநாள் காலையில் தானாகவே எழுந்து சட்டை மாற்றிக்கொண்டு மதுரைக்கு வந்தான்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. அந்தத் தொடர் பத்திரிகையில் வந்து இரண்டு வாரம் கழித்துத்தான் இன்டர்நெட்டில் போடுவார்கள். "ஹேசலம்மா பேப்பர்ல படிக்கிறாகல்ல, அவுகளுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே எல்லாம் தெரியும்" என்பான். இனி என்ன நடக்கும் என்று கேட்கச் சொல்வான். முன்கூட்டிச் சொன்னால் சுவாரசியம் போய்விடும் என்று ஹேசல் எழுதுவாள், அதாவது நான் எழுதுவேன். அவன் சொல்லச் சொல்ல அவன் பதில்களை நோட்டில் எழுதிக்கொள்வேன். "போட்டுட்டியா?" என்பான். போட்டுவிட்டேன் என்பேன். எங்கே போடுவது, யாருக்குப் போடுவது? ஒன்றைக்கூட நான் இன்டர்நெட்டில் போடவில்லை. வாசகர்கள் பேசும் இடத்தைத் திறந்து பார்ப்பதையும் விட்டுவிட்டேன், பார்க்கவே கூசியது. படத்தை மட்டும் அடித்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

நாலு மாதம் இப்படிப் போனது. ஒரு வியாழக்கிழமை பகல் பதினோரு மணிக்கு அண்ணன் இறந்துபோனான். நான் காலேஜில் இருந்தேன், வாத்தியாரான அப்பா பள்ளிக்கூடத்தில். அம்மா மட்டும்தான் பக்கத்தில்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் நான் செக்காலைக்குப் போனேன். உலகத்தில் எங்காவது ஓரிடத்தில் அவன் இறந்துபோனான் என்று உண்மையாக எழுத வேண்டும் போல் இருந்தது. அவன் பெயரில் நான் போட்ட அந்த ஒரே கேள்வியைத் தேடித் திறந்தேன். அதற்குக் கீழே ஒரு பதில் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன்.

'செல்வின், நீ எழுதியவற்றுக்கெல்லாம் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன். உங்கள் வீட்டுத் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் பற்றி எழுதியிருந்தாய், அதை மறுபடி படித்தேன். ஊசி குத்திக் குத்தி வீங்கிய உன் கை வாத்துக் கழுத்து மாதிரி இருக்கிறது என்றாயே, அதற்குச் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். பயமாக இருப்பதைத் தங்கையிடம் சொல்ல வேண்டாம் என்கிறாய். சொல்ல மாட்டேன். வியாழக்கிழமையைப் பற்றி முன்பே உனக்குச் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. ஹேசல்.'

நம்பினால் நம்புங்கள், எனக்கு முதலில் பயம் வரவில்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று எரிச்சல்தான் வந்தது. தகரமும் வாத்துக் கழுத்தும் அவன் சொல்ல நான் நோட்டில் எழுதியவை. அந்த நோட்டு எங்கள் வீட்டைத் தாண்டவில்லை. ஹேசல் என்ற பெயரே அந்த நோட்டுக்கு வெளியே கிடையாது. அண்ணன் கட்டிலை விட்டு இறங்கவே ஆள் வேண்டும், எங்கள் வீட்டில் போன்கூட இல்லை. பார்க்க வந்த சிநேகிதர்கள் இரண்டே பேர், பிற்பாடு இருவரிடமும் கேட்டுவிட்டேன், அவர்களுக்குத் தொடர் பெயரே தெரியவில்லை. அவனுக்குப் பயமாக இருந்தது என்று அவன் என்னிடம் சொன்னதே கிடையாது, நானும் கேட்டதில்லை.

என் கண் கெட்டுப்போய்விட்டதோ என்று ராமு அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து மெதுவாகப் படித்தார்.

"யாரும்மா இது, சொந்தக்காரகளா?"

"இல்லண்ணே."

"பின்ன, வீட்டுத் தகரம் வரைக்கும் தெரிஞ்சிருக்கு அவுகளுக்கு."

அவரையே அடித்துக் கொடுக்கச் சொன்னேன். அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. 'செல்வின் இறந்துவிட்டான், நீங்கள் யார்' என்று கீழே எழுதிவிட்டு, மூன்று மாதம் தினமும் போய்ப் பார்த்தேன். பதில் இல்லை. அடுத்த வருஷம் அந்த இணையதளத்தையே மாற்றிவிட்டார்கள், வாசகர் பேச்செல்லாம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து தாளை விரித்தபோதுதான் தேதியைப் பார்த்தேன். அண்ணன் இறப்பதற்குப் பதினைந்து நாள் முன்பு போட்ட பதில் அது. அவன் உயிரோடு இருந்த அந்தப் பதினைந்து நாளும் நான் படத்தை அடித்து வாங்கிக்கொண்டு எழுந்து வந்த அதே மெஷினில் அது இருந்திருக்கிறது. ஒரு நாள் பார்த்திருந்தால் போதும். பக்கத்தில் உட்கார்ந்து, பயமாயிருக்காண்ணே என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். அவன் யாரிடமோ கேட்டான், யாரோ அவனுக்கு என்னவோ சொல்லியிருக்கிறார்கள், அது ஆறுதலா, அதைவிடப் பெரிய பயமா என்றுகூட எனக்குத் தெரியப்போவதில்லை.

இத்தனைக்கும் பிறகு ஒன்று இருக்கிறது. அப்பாவிடம் இதுவரை நான் அதைப் பேசியதில்லை, அவருக்கு ஞாபகம் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். அண்ணன் இறப்பதற்கு முந்தின நாள், புதன்கிழமை சாயங்காலம், அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டான்.

"நாளைக்கி லீவு போடுங்களேன்ப்பா."

"பரீட்ச நடக்குதுய்யா. சனிக்கிழம பூராவும் ஒங்கூடத்தான்."

அவன் சரி என்றுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் அதே அறையில் நோட்டில் பசை தடவிக்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்கவில்லை.