பதிலைப் போட்டுப் பார்க்கிறவள்

ஒருங்கமை சமன்பாடுகளை நான் தீர்க்கிற அழகே தனி. முதல் சமன்பாட்டுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் ஒன்று, அடுத்ததற்கு இரண்டு. சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நூல் பிடித்தாற்போல் நிற்கும். விடைக்குக் கீழே அடிமட்டம் வைத்து இரண்டு கோடு. லிந்துலைப் பக்கம் பத்து வருடமாகக் கணித டியூசன் கொடுக்கிறேன். படிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதுகிற பிள்ளைக்கு, விடை சரியாக இருந்தாலும் முட்டைதான். இதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, மறைப்பானேன்.

போன வருடம் அரசாங்கக் கந்தோர்களில் எழுதுவினைஞர் வேலைக்குப் பரீட்சை வந்தது. ஏற்கெனவே இரண்டு தடவை எழுதிக் கோட்டை விட்டிருந்தேன். வயதெல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றேன். இதுவும் போனால் இனி விண்ணப்பிக்கவே முடியாது. டியூசன் மாஸ்டர் என்பது மரியாதையான பெயர்தான், ஆனால் நிரந்தர வேலை என்று எங்கேயும் எழுத முடியாத பெயர். இந்தத் தடவை எப்படியாவது உள்ளே போய்விட வேண்டும் என்று வெறியாக இருந்தேன்.

என் மனைவி தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறாள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போனபிறகு அவர்களுடைய குழந்தைகள் முழுக்க அவள் பொறுப்பு. உயர்தரம் பாஸ் பண்ணியவள் என்பதால் அவளையும் விண்ணப்பிக்கச் சொன்னேன். பரீட்சைக்கு ஹட்டனுக்குத் தனியாகப் போய்வர அலுப்பாக இருக்கும், துணைக்கு வரட்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை.

நுண்ணறிவுத் தாளில் ஐம்பது கேள்வி, அறுபது நிமிடம். வீட்டில் அவளுக்கும் நானே பயிற்சி கொடுத்தேன். மூன்று பெரிய பெட்டியும் இரண்டு சின்னப் பெட்டியும் சேர்ந்து 31 கிலோ. இரண்டு பெரியதும் மூன்று சின்னதும் சேர்ந்து 29 கிலோ. பெரிய பெட்டி ஒன்று எத்தனை கிலோ? கீழே நாலு விடை: 5, 6, 7, 9.

நான் x, y வைத்தேன். முதலாவதை மூன்றால் பெருக்கினேன், இரண்டாவதை இரண்டால் பெருக்கினேன். கழிக்கத் தொடங்கும்போதே அவள், "ஏழு" என்றாள்.

"எப்படி?"

"ஏழுன்னு போட்டுப் பாத்தேங்க. மூணு பெருசு இருபத்தொண்ணு. மிச்சம் பத்து, அப்ப சின்னது அஞ்சு. அடுத்ததுல பதினாலும் பதினஞ்சும் இருபத்தொம்பது. சரியா வருதே."

"அது கணக்கில்ல. குருட்டடி."

"விடையைத்தான் கீழயே போட்டிருக்காங்களே. பிள்ளை அழுதா ஏன் அழுவுதுன்னு நாங்க உக்காந்து யோசிக்கிறதில்லீங்க. பாலக் குடுத்துப் பாப்போம், துணிய மாத்திப் பாப்போம், தோள்ல போட்டுப் பாப்போம். எதுக்கு அழுகை நிக்குதோ அதுதான் காரணம்."

எனக்குக் கோபம் வந்தது. கணிதத்தைப் பீத்துணியோடு சேர்த்துப் பேசுகிறாளே என்று அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பிள்ளைக்காம்பராவில் இதைவிடப் பெரிய முகங்களைப் பார்க்கிறவள்.

பரீட்சையன்று எனக்கு நேர் பின் மேசையில் அவளுக்கு இடம். மூன்றாவது கேள்வியே ஒருங்கமை சமன்பாடு. வினாத்தாளில் கிடைத்த ஓரம் என் படிமுறைக்குப் போதவில்லை. கையைத் தூக்கி மேலதிகத் தாள் கேட்டேன். மேற்பார்வைக்கு நின்ற அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுல விடைக்குப் புள்ளடி மட்டும்தான் போடணும். தாள் எதுக்கு?"

அடிமட்டத்தை மேசைக்குக் கீழே மறைத்துக்கொண்டேன். ஓரத்திலேயே நெருக்கி நெருக்கி எழுதினேன். விடை கண்டதும் அதை இரண்டு சமன்பாட்டிலும் பிரதியிட்டுச் சரி பார்த்தேன். அரை மணி நேரம் ஓடியபோது பதினாறாவது கேள்வியில் நின்றேன். அப்போதுதான், அவள் சொன்ன மாதிரி போட்டுப் பார்த்தால் முடித்துவிடலாம் என்று தோன்றியது. தோன்றியது என்ன, நன்றாகவே தெரிந்தது. ஆனால் கை கேட்கவில்லை. நான் முட்டை போட்ட பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று பார்க்கிற மாதிரி ஒரு கூச்சம். மணி அடித்தபோது முப்பத்துநாலாவது கேள்வியில் இருந்தேன். செய்ததெல்லாம் சரி என்று சத்தியம் பண்ணுவேன்.

பஸ்ஸில் வரும்போது, "எப்படிச் செஞ்சே?" என்று கேட்டேன்.

"எல்லாம் செஞ்சேங்க. எத்தனை சரியோ தெரியாது" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

பெறுபேறு வந்த அன்று எங்கள் லயத்து வீட்டில் வழக்கம்போல் சிக்னல் இல்லை. டியூசன் முடிந்து, கோவில் படியில் ஏறி நின்று போனில் பார்த்தேன். சேர்ந்து விண்ணப்பித்ததால் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த சுட்டெண். என்னுடையது இல்லை. அதற்கு அடுத்தது இருந்தது. மூன்று தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். அவளுடைய எண்தான்.

வீட்டுக்கு வந்தேன். அவள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைக்காம்பராவில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நீ காலையிலயே பாத்துட்டியா?"

தலையை ஆட்டினாள். கல்லில் கிடந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"ஏன் சொல்லல?"

"எப்படிங்க சொல்றது? ரெண்டையும் சேத்துத்தானே சொல்லணும்."

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நேர்முகத்துக்குக் கூப்புடுவாங்க. நீங்க சொன்னா நான் போகலைங்க. எனக்கு இந்தப் பிள்ளைங்களே போதும்."

சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னாள். எனக்கு அவமானமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, 'சரி, போக வேணாம்' என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"பைத்தியமா ஒனக்கு? நாளைக்கே சான்றிதழெல்லாம் போட்டோகொப்பி எடுக்கணும். எங்க வச்சிருக்கே?" என்றேன்.

இப்போது அவள் காலை ஏழு மணி பஸ்ஸில் கந்தோருக்குப் போகிறாள். நான் எதை எழுதினாலும் பிழை பார்க்க முதலில் வாசிப்பவள் அவள்தான். அந்த ஒரு நொடியைப் பற்றி மட்டும் இதுவரை அவளிடம் சொன்னதில்லை. இன்றைக்கு வேலை விட்டு வந்ததும் இதை வாசிப்பாள்.