ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டை

மார்கழியில் வெள்ளைக் குதிரையை யாரும் வைத்திருக்கக் கூடாது. வாங்கியவர் ஊரில் இருந்தால் போகட்டும். எங்கள் வீட்டுக்காரர் போர்வெல் லாரியில் மத்தியப் பிரதேசத்துக்குப் போய்விட்டு, குதிரையை என் தலையில் கட்டியிருந்தார். திருச்செங்கோட்டுப் பக்கம் எண்பதுகளில் பல வீடுகளில் இதே கதைதான். ஆண்கள் எங்கோ பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள், நாங்கள் எருமையையும் கடலைக்காட்டையும் பார்த்துக்கொண்டோம். எனக்குக் கூடுதலாக ஒரு குதிரை.

காணும் பொங்கலன்று சங்ககிரி ரோட்டில் குதிரை வண்டிப் பந்தயம் நடக்கும். எங்கள் வண்டியை எப்போதும் அவர்தான் ஓட்டுவார். "பொங்கலுக்கு வந்துருவேன், நாந்தான் ஓட்டுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆடியில் லாரி ஏறினார். அதுவரை வண்டி பூட்டிப் பழக்குவது பக்கத்துக் காட்டிலிருந்த கொழுந்தனார் வேலை, சுத்தம் செய்வது என் வேலை. பந்தயத்தில் ஜெயிப்பதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. அவர் வந்து அந்த வண்டியில் ஏற வேண்டும், அவ்வளவுதான். பேச ஆளில்லாத வீட்டில் மாதக்கணக்கில் இருந்து பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பனிக்காலத்தில் குதிரைமேல் தண்ணீர் ஊற்றினால் சளி பிடித்துக்கொள்ளும், பந்தயம் போச்சு. சுத்தம் செய்யாமலும் விட முடியாது. குளிருக்கு முடி அடர்ந்துவிடும், அடியில் மண் உறைந்திருந்தால் வார் உராய்ந்து புண்ணாகும். அதனால் முதலில் தேங்காய் நாரால் வறட்டுத் தேய்ப்பு. பிறகு சுடுதண்ணீரில் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, ஒரு முழ இடம் துடைப்பேன். அது ஆறுவதற்குள் சாக்கால் காயத் தேய்த்துவிட்டு அடுத்த முழம். இந்தக் குதிரைக்கு என்ன வேண்டுதலோ, தினமும் தன் லத்திமேலேயே இடது பக்கமாகப் படுக்கும். காலையில் பார்த்தால் பாதி வெள்ளை, பாதி மஞ்சள். "நீயெல்லாம் ஒரு குதிரயா?" என்று திட்டிக்கொண்டே துடைப்பேன். அன்றைய நாளில் நான் வாய்விட்டுப் பேசுவது அநேகமாக அதோடு சரி.

ஆரம்பத்தில் அது என்னைக் கிட்டவே சேர்க்கவில்லை. காதை மடக்கும், பல்லைக் காட்டும். ஒரு நாள் குளிர் தாங்காமல், ஆணியில் தொங்கிய அவருடைய காக்கிச் சட்டையைச் சேலைக்குமேல் போட்டுக்கொண்டு போனேன். குதிரை என் தோளை மோந்தது, பெருமூச்சு விட்டது, அப்படியே நின்றது. அவர் வாசம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். அன்றிலிருந்து அந்தச் சட்டை இல்லாமல் கொட்டகைக்குப் போனதில்லை. துவைக்கவும் இல்லை. துவைத்தால் வாசம் போய், குதிரை அவரை மறந்துவிடுமோ என்று பயம். குதிரைக்காக மட்டுமா என்றால், இல்லை. கழற்றும்போது நானும் காலரை மோந்து பார்ப்பேன்.

"ஏனுங்க நங்கையா, அந்தச் சட்டைய ஒருக்காத் தொவைங்க. குதிர மயங்கி உழுந்துரப் போவுது" என்று கொழுந்தனார் சிரிப்பார். நான் காதில் வாங்கியதில்லை.

பொங்கலன்று கடைசித் துடைப்பு. வால் பளிச்சென்று இருக்கட்டுமே என்று, வேட்டிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து முக்கினேன். கை தாராளமாகிவிட்டது, வால் ஊதாவாகிப்போனது. அவர் வந்து சிரிப்பார் என்று அதையும் ஒரு சந்தோஷமாகத்தான் வைத்துக்கொண்டேன்.

பந்தயத்தன்று காலையில்தான் வந்து இறங்கினார். கறுத்து, இளைத்து, தாடியோடு. வாசலில் நின்றவரை யாரோ என்று நானே ஒரு கணம் பார்த்தேன்.

"ஏம்புள்ள, நாந்தான்" என்றார்.

நேராகக் கொட்டகைக்குப் போய்க் கடிவாளத்தை எடுத்தார். குதிரை காதை மடக்கியது. அவர்மேல் டீசலும் கிரீசுமாக வேறு ஏதோ ஊர் வாசம். கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்கி, அவர் முழங்கையைக் கவ்வப் பார்த்தது. நான் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். மூக்கை என் தோளில் வைத்து அடங்கிவிட்டது. கடிவாளத்தை நான்தான் மாட்டினேன். சட்டையை அவருக்குப் போட்டும் பார்த்தோம். குதிரை ஏமாறவில்லை.

"என்னைய மறந்துருச்சு" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

"மறக்கலீங்க மாமா. இத்தன நாளும் உங்க சட்டையத்தான் மோந்துக்கிட்டு இருந்துச்சு."

அவர் காலரை இழுத்து மோந்து பார்த்தார். "இதுல நான் எங்க புள்ள இருக்கறேன்? உன்ற வாசமும் குதிர வாசமுந்தான் இருக்குது."

அப்படியென்றால் எத்தனை நாளாக நான் என்னையே மோந்துகொண்டிருந்தேன்?

வண்டியைக் கொழுந்தனார்தான் ஓட்டினார். இரண்டாவதாக வந்தது. ஊதா வாலைப் பார்த்து ஊரே சிரித்தது. அவர் கூட்டத்தில் என் பக்கத்தில் நின்றார், சிரிக்கவில்லை.

மறுநாளே லாரி வந்துவிட்டது. பொங்கலுக்கு எடுத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். போட்டு வந்த டீசல் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இனி இதப் போட்டுக்க. தொவச்சராத."

போட்டுக்கொண்டேன், துவைக்கவில்லை. மாசி பிறக்கும் வரைக்கும்கூட அந்த வாசம் நிற்கவில்லை.