மதினியின் முகத்துக்கு எண்ணெய்

என் அண்ணன் மகன் ஜப்பானில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். ஒருநாள் அங்கே ஏதோ கடைக்குள் நின்றபடி அவன் அம்மாவுக்கு, என் மதினிக்கு, போன் போட்டான்.

"எம்மா, மொகத்துக்குத் தடவுத எண்ணெ வாங்கப் போறேன். ஒனக்கு எண்ணெ வடியுத தோலா, வறண்ட தோலான்னு கேக்காங்க. என்ன சொல்ல?"

மதினி என்னைப் பார்த்தாள். நான் தென்காசியில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். அன்று குற்றாலத்தில் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அவள் முகம் அப்போது காய்ந்து சாம்பல் பூத்து, கன்னம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. அவளோ கொஞ்சமும் தயங்காமல், "எண்ணெ வடியுத தோலுதான். ஒனக்குத் தெரியாதாக்கும்" என்றாள்.

அவனுக்குத் தெரிந்த அம்மாவுக்கு அதுதான் உண்மை. அருவிக்குப் போகும் ரோட்டில் அண்ணனும் மதினியும் நேந்திரங்காய் சிப்ஸ் கடை நடத்தினார்கள். சீசனில் காலையிலிருந்து அடுப்பு முன்னால் நிற்பாள். மத்தியானத்துக்குள் நெற்றியும் மூக்கும் மினுமினுக்கும், பவுடர் நிற்காது. "ஒம் பார்லர்ல வந்து உக்காந்தா என் மூஞ்சியப் பிழிஞ்சே நாலு பேருக்குத் தேச்சிரலாம்ட்டி" என்று சிரிப்பாள்.

அவளுக்குச் சர்க்கரை பல வருடமாக இருந்தது. கடையைப் பார்த்தாளே தவிர அதைப் பார்க்கவில்லை. கால் வீங்கிப் போய்க் காட்டியபோது இரண்டு கிட்னியும் போய்விட்டிருந்தன. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ் என்று ஆனது, தோலும் காய்ந்து போனது. கிட்னி மாற்றினால் நல்லது, வீட்டு ஆட்கள் யாராவது கொடுக்கலாம் என்றார் டாக்டர். அண்ணனுக்கும் சர்க்கரை, அவனால் முடியாது. எனக்குப் பரிசோதித்ததில் என் ஒரு கிட்னி சுருங்கியிருப்பது தெரிந்தது.

"பிள்ளைங்க இருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல" என்றாள் மதினி.

அண்ணனும் நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் நின்று எங்களிடம் சத்தியம் வாங்கினாள். "அவன்ட்ட சொன்னா நாளைக்கே வந்து நிப்பான். அறுத்துக் குடுப்பான். கல்யாணங்கூட ஆகாத பய உடம்பக் கெடுத்து நான் எத்தன வருசம் இருக்கப் போறேன்? ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது."

அதனால் மகனுக்குத் தெரிந்ததெல்லாம், அம்மாவுக்கு சுகர் கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறாள் என்பதுதான்.

பார்சல் வந்தது. உள்ளே இரண்டு சின்னக் குப்பிகள். ஒன்று அரிசித் தவிட்டு எண்ணெய், மற்றது யூசு என்ற அவர்கள் ஊர் எலுமிச்சையின் விதையில் எடுத்தது. இரண்டுமே இலேசானவை. எண்ணெய் வடியும் முகத்துக்கும், நெற்றியில் மட்டும் வடியும் முகத்துக்கும் நான் இந்த மாதிரிதான் சொல்வேன்.

"தவிட்டெண்ணெயா? இது நம்ம பலசரக்குக் கடையிலேயே கெடக்குமே" என்றாள் மதினி. ஆனாலும் குப்பியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதிலிருந்த எழுத்தைப் பார்த்தாள்.

அவள் தோலுக்கு இரண்டும் போதவில்லை. தடவிய கொஞ்ச நேரத்தில் தரையில் ஊற்றிய தண்ணீர் மாதிரி போய்விடும். வறண்ட தோலுக்கு ஜப்பான்காரர்கள் சுபாக்கி என்றொரு எண்ணெய் வைத்திருக்கிறார்கள். தேயிலைக்கு உறவான ஒரு பூச்செடியின் விதையில் எடுப்பது. நல்ல கனம். அதை நானே ஆன்லைனில் வரவழைத்தேன். மகனிடம் கேட்டிருக்கலாம், ஆனால் தோல் எப்படி மாறியது என்று அவன் திருப்பிக் கேட்பான். மதினியின் இடது கையில் டயாலிசிஸுக்காக இரத்தக்குழாயைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அதைத் தொடாமல், வலது முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்து, மறுநாள் வரை தடிப்பு வரவில்லை என்று பார்த்த பிறகே முகத்துக்கு எடுத்தேன்.

மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் கூப்பிடுவான். அதற்கு முன்னால் நான் பஸ் பிடித்துப் போய்விடுவேன். முகத்தை வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் முழுக்கத் துடைக்காமல், மூன்று நான்கு சொட்டை உள்ளங்கையில் சூடு பண்ணி, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுப்பேன். தேய்த்தால் பொருக்கு கிளம்பி எரியும். கண்ணுக்குக் கீழே மோதிர விரலால் மட்டும். பிறகு ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து உட்காரவைத்து, இடது கையை முந்தானையால் மூடுவேன். கண்ணாடியில் பார்த்தால் பழைய மினுமினுப்பு கொஞ்சம் வந்திருக்கும்.

எண்ணெய் செய்தது அவ்வளவுதான். கிட்னி போனதால் அவளுக்கு அரிப்பு இரத்தத்திலேயே இருந்தது. இராத்திரியெல்லாம் முதுகைச் சுவரில் உரசுவாள் என்று அண்ணன் சொல்வான். எந்த ஊர் எண்ணெயும் அதைத் தொடவில்லை.

"எண்ணெ நல்லா வேலை செய்யுதும்மா. மொகம் தெளிஞ்சிருக்கு" என்பான் மகன். சித்திரையில் லீவு எடுத்து வருவதாக இருந்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நீ நல்லாத்தான இருக்க. லீவ அடுத்த வருசத்துக்குச் சேத்து வச்சுக்கிடுதேன். அப்ப ரெண்டு மாசம் இருக்கலாம்லா" என்றான். "சேத்து வையி" என்றாள் மதினி. போனை வைத்த பிறகு அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அண்ணன் கடையிலிருந்து வந்து என்னவென்று கேட்டான். விஷயம் தெரிந்ததும், "இன்னைக்கு நான் சொல்லிருதேன். என்னால முடியல" என்று போனை எடுத்தான். அவள் எழுந்து அதைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் மூச்சு வாங்கிக் கட்டிலில் சாய்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அண்ணன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சாரல் தொடங்கிய வாரம் ஒரு விடியற்காலையில் அவளுக்கு மூச்சு முட்டியது. நெஞ்சில் நீர் கோத்திருந்தது. தென்காசியில் ஊசி போட்டுத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். அவள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆலங்குளம் தாண்டியதும் அந்தப் பிடி விட்டது.

மகன் மறுநாள் வந்து சேர்ந்தான். ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்கு மேல் குனிந்து பார்த்தவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். எண்ணெய் இல்லாத அவள் முகத்தை அவன் அப்போதுதான் பார்த்தான்.

"இது என்ன அத்தை? போன வாரங்கூட அம்மா மொகம் பளபளன்னு இருந்துச்சே."

எரித்துவிட்டு வந்த பிறகு, பின்கட்டில் உட்கார்ந்து அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரிடம் மதினி "இல்ல" என்று சொன்னதை மட்டும் இரண்டாவது தடவை சொல்லச் சொன்னான்.

"எங்கிட்டக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன்லா."

"நீ குடுப்பேன்னு தெரிஞ்சுதான் ஒங்கம்மா கேக்கல."

"அப்பா சொல்லியிருக்கலாம்."

"சத்தியம் வாங்கிட்டா."

"சத்தியம் பெருசா, அம்மா பெருசா?" என்றான். அவன் சத்தம் போடவில்லை. அண்ணன் வாசற்படியில்தான் நின்றிருந்தான். எல்லாம் காதில் விழுந்தது. உள்ளே வராமல் திரும்பி நடந்து போய்விட்டான்.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அப்பாவும் மகனும் ஒரே பந்தியில்கூட உட்காரவில்லை. புறப்படும்போது அவன் எனக்கு மட்டும் சொல்லிக்கொண்டு வண்டியேறினான். இப்போது எப்போதாவது என் நம்பருக்குக் கூப்பிடுகிறான். பார்லரில் ஆள் இருந்தாலும் வெளியே வந்து எடுத்துவிடுவேன். அவன் குரலைக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறான் என்று தோன்றும். இப்போதெல்லாம் அதை நான் நம்புவதில்லை. "சாப்பிடுதாரா?" என்று கேட்பான். யார் என்று சொல்வதில்லை. சாப்பிடுகிறார் என்பேன். "அப்பாட்டக் குடுக்கட்டுமா, கடையிலதான் இருக்காவ" என்று ஒருமுறை குற்றாலத்தில் இருந்தபோது கேட்டேன். கொஞ்சநேரம் அவன் பக்கத்தில் ஏதோ மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு போன் நின்றுவிட்டது.